உங்கள் அப்பாரு வீட்டு மச்சுக்காக ஒரு கடிதம்

பெருந்துறை

அன்பு நண்பர் பழனிசாமி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் தாத்தா, அதாவது அப்பாரு காலத்து மொட்டைமாடி மச்சு ஒழுகுகிறது, மேலே சிமெண்ட் பூசிவிடலாமா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பதில் தாமதமானதற்கு என் சென்னைப் பயணமே காரணம். நில வழக்கு விஷயமாக உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வேலை அரை நாளில் முடிந்துவிட்டது, மீதி ஒன்றரை நாளும் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1888-இல் தொடங்கி 1892 ஜூலையில் திறந்த கட்டடம் அது. செலவு ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். பிராசிங்டன் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வின் மாற்றிக் கட்டி முடித்தார். ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். நம் ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன் 1920-இல் கண்மூடியது, சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான். குவிமாடங்களையும் கூர்வளைவுகளையும் எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். எனக்கோ, கம்பி கட்டிய பில்லரும் பீமும் வழக்கத்துக்கு வராத காலத்தில் 175 அடி உயரக் கோபுரத்தையும், 1894 முதல் 1977 வரை அதன் உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கையும் வெறும் செங்கற்சுவர் எப்படிச் சுமந்தது என்பதிலேயே மனம் நின்றது.

ஒரு சன்னல் பள்ளத்தில் கையை நீட்டினேன். முழங்கை வரை உள்ளே போயும் விரல் சட்டத்தைத் தொடவில்லை. அந்தத் தடிமன் வீண்பெருமை அல்ல. வளைவிலுள்ள ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்க, அந்த நெருக்கம் இருபுறமும் உதைக்கும் உதைப்பைக் கனத்த சுவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலை அறைக்குள் விடாமல் தாழ்வாரத்திலேயே நிறுத்துவதும் அதே கனம்தான். கல்லையும் கல்லையும் சேர்ப்பது சுண்ணாம்புச் சாந்து. கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டார்கள், நம் பக்கத்தில் சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கல்லைச் சுட்டோம். காளவாய் வேறானாலும் குணம் ஒன்றே. காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல இழுத்துச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. சுவர் சற்று அசைந்தால் தானும் வளைந்து கொடுக்கிறது, உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடுகிறது.

சிமெண்டுக்கு அந்தக் குணம் இல்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தொட்டிக்கட்டு வீட்டின் அடிச்சுவரில் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு, உறுதிக்கு என்று சொல்லிச் சிமெண்ட் பூசினேன். நான்காம் மழைக்குப் பிறகு பூச்சைத் தட்டிப் பார்த்தால், பூச்சு பலகைபோல் முழுசாக நின்றது. அதன் பின்னால் இருந்த செங்கல் உப்புப் பூத்து, கரண்டி முனைக்கே செம்மண்ணாகக் கொட்டியது. கூலி வாங்கிய கை கூசிற்று.

உங்கள் மச்சு கட்டைக்குத்து மச்சு. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சிறு செங்கல்லைச் சாய்கோணத்தில் நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டிக் கரைசலையும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது. அதன் மேல் சிமெண்ட் போட்டால் பாரமும் கூடும், அடைபட்ட ஈரம் உத்தரத்தையும் உளுக்க வைக்கும். ஆகவே ஒரு மூட்டைகூட வாங்க வேண்டாம். முதலில் மழைநீர் வெளியேறும் தூம்புவாயில் மண் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மச்சின் மேலே பதித்த தட்டோட்டில் விரிசல் இருந்தால் கரியால் வட்டம் போட்டு வையுங்கள். வருகிற வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். கடுக்காய் நான் கொண்டு வருகிறேன், நீற்றிய சுண்ணாம்பு மட்டும் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கட்டும்.

அன்புடன்,
முத்துசாமி