அப்பாவைப் பார்த்துக்கொண்ட எங்கள் தெருவுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் ரங்கூன் தெயின்ஜி சந்தைக்காரர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வந்து நின்ற எல்லாருக்கும் அன்று நேரில் நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பாவின் மறதியைப் பார்த்து, வயதானால் இப்படித்தான் என்று பலர் சொன்னார்கள். அப்படியில்லை, அப்பாவுக்கு வந்தது அல்சைமர் என்ற நோய். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியை அது ஆரம்பத்திலேயே தாக்கிவிடும். பழசு வெகுநாள் நிற்கும். காலையில் சாப்பிட்டதை அப்பா மறந்தார், 1987 செப்டம்பரை மறக்கவில்லை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மா அரசு திடீரென அறிவித்த மாதம் அது. மாற்றிக்கொள்ளவும் வழி தரவில்லை. அப்போது ரங்கூனில் கடை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோய் முற்றியபின் அந்த மாதம் அப்பாவுக்குத் தினமும் வந்தது. கையிலிருக்கும் காசைச் சரக்காக மாற்றிவிட வேண்டும் என்று, பெட்டியில் கிடந்த பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அரிசிக்கடை அண்ணே, அந்த நோட்டை நீங்கள் ஒருநாளும் திருப்பி நீட்டியதில்லை. எண்ணிப் பார்த்து, கல்லாவில் போட்டு, ஒரு பொட்டலம் பருப்பைக் கட்டிக் கொடுத்து, "கணக்கு சரியா இருக்கு மாமா" என்பீர்கள். சாயங்காலம் நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பருப்புக்குக் காசு கொடுத்தால் கோபப்படுவீர்கள். யாராவது "இது செல்லாது" என்றால் அப்பாவுக்குக் கை நடுங்கும். உங்கள் கடையிலிருந்து வரும்போது முகம் தெளிந்திருக்கும். எந்த மாத்திரையும் அவருக்கு அந்தத் தெளிவைத் தரவில்லை.

பொழுது சாய்ந்தால்தான் எங்களுக்குக் கஷ்டம். கரண்டும் போய்விட்டால், "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்பார். இதுதான் வீடு என்று சொல்லிப் பயனில்லை. சைக்கா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டும் தம்பி, நீ ஒரு கேள்வியும் கேட்காமல் அவரை ஏற்றிக்கொள்வாய். அனவ்ரதா சாலையில் காளி கோயில் வரை போய்த் திரும்பி, "வீடு வந்துடுச்சு தாத்தா" என்று இறக்கிவிடுவாய். நீ தமிழ் படித்தவனில்லை, அவருக்காகவே அந்த நாலு வார்த்தையைக் கற்றுக்கொண்டாய். கடைசிக் காலத்தில் அவருக்குப் பர்மியம் நழுவிப் போயிருந்தது.

எதிர்வீட்டு அத்தைக்கு என்ன சொல்வது? நான் தூங்க வேண்டும் என்பதற்காக இரவில் வந்து உட்கார்ந்தீர்கள். நோயாளியைப் பார்ப்பவளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்திருந்தது உங்களுக்கு. அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்.

அப்பாவின் சக்கர நாற்காலியும், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும் வீட்டில் இருக்கின்றன. இரண்டும் நல்ல நிலையில்தான் உள்ளன. யார் வீட்டுப் பெரியவருக்குத் தேவைப்பட்டாலும் எடுத்துப்போகலாம், காசு வேண்டாம். அப்புறம், ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தெருப் பெண்