அணைக்கரையில் ஒரு பரிசல் வேண்டும்

பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் அணைகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது 43. மலையாளத்தில் எழுதிய மனுவைத் தனியாகத் தருகிறேன். வீட்டில் தமிழ் பேசும் நம் ஊர்ப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, ஏதாவது ஒரே ஒரு அணையில், கயிறு கட்டி எல்லை வகுத்த ஒரு பகுதியில், காவலுக்கு ஒரு பரிசலை நிறுத்தி, நீந்த அனுமதி தாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

கடந்த ஜூனில் ஆஸ்திரியா போய் ஒரு நெடுந்தூர டிரையத்லான் போட்டியில் கலந்துகொண்டேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது என்று செய்து முடிக்க வேண்டும். 1978-இல் ஹவாயில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த போட்டியில் இருந்து வளர்ந்தது இது. நான் போனது கிளாகன்ஃபர்ட் என்ற ஊருக்கு. மலைகளுக்கு நடுவே ஏரிகள் நிறைந்த நாடு. வொர்த்தர்சே என்ற பெரிய ஏரியில்தான் நீச்சல். ஐந்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதற்குச் செலவானது. பள்ளி திறக்கிற மாதத்தில் லீவு கொடுத்த எங்கள் தலைமையாசிரியரை நான் மறக்கவே மாட்டேன். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, நெடும்பாசேரியில் விமானம் ஏறி, வியன்னாவில் இறங்கி, அங்கிருந்து நாலு மணி நேரம் ரயில். பெட்டியைத் திறந்து சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சைக்கிளையும் ஓட்டத்தையும் எனக்கு நம் ஊரே சொல்லிக்கொடுத்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்துவிட்டால், கோபாலபுரத்தில் இருந்து மேற்கே திரும்பியதும் காற்று முகத்தில் அறையும். பனைமரங்கள் எல்லாம் கிழக்கே தலையைச் சாய்த்து நிற்கும். அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் மிதித்தவளுக்கு ஆஸ்திரியாவின் காற்று ஒன்றுமே இல்லை. மேடு ஏறிப் பழக, போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி மலைப்பாதை இருக்கிறது. ஓடுவதற்கு வாய்க்கால் மேடு. விடியற்காலையில் கள் இறக்கப் போகிறவர்களும் நானும்தான் அந்நேரத்துக்கு அங்கே இருப்போம். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீச்சலுக்குத்தான் இடமில்லை.

நான் நீந்தப் படித்தது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். அப்பா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலே நின்று பிடித்துக்கொள்வார். கயிறு தொய்ந்தால் நீந்துகிறேன் என்று அர்த்தம், இறுகினால் முழுகுகிறேன் என்று அர்த்தம். பத்தாவது நாள் குடுக்கையை அவிழ்த்தார். ஒரு மாதத்தில் கயிற்றையும் விட்டார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் படித்தோம். பிறகு போர்வெல் வந்தது, கிணற்றில் தண்ணீர் கீழே போனது. இப்போது அந்தக் கிணற்றில் முள்ளும் குப்பையும்தான் கிடக்கின்றன. என் வகுப்பில் 31 பிள்ளைகள். நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். இரண்டு கைகள்தான் எழுந்தன.

போட்டிக்காக கோயம்புத்தூரில் ஒரு நீச்சல் குளத்துக்கு வாரம் இருமுறை பஸ்ஸில் போய்வந்தேன். 25 மீட்டர் நீளக் குளம். 3.8 கிலோமீட்டர் என்றால் 152 தடவை. அடியில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம், கை வலித்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஏரியில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, வழி காட்டும் மிதவை எங்கே என்று தேட வேண்டும். அதைக் குளத்தில் பழக முடியாது என்பதால் ஒருநாள் காலை இங்கே ஓர் அணையில் இறங்கினேன். ஐம்பது மீட்டர் போவதற்குள் விசில் சத்தம். காவலுக்கு நின்ற சேட்டன் "மோளே, கேறி வா" (மகளே, ஏறி வா) என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். ஏறி வந்தேன். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் இதே இடத்தில் ஒரு பையனைத் தூக்கியது இந்தக் கைதான் என்றார். அவர் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

போட்டி நாளில் அவரை நினைத்துக்கொண்டேன். ஏரித் தண்ணீர் நம் அணைத் தண்ணீரை விடக் குளிர்ச்சி. வெட்சூட் என்ற, குளிர் தாங்கும் ரப்பர் உடையை அணிந்திருந்தேன் (தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அதற்கு அனுமதி கிடையாது). முதல் முந்நூறு மீட்டரில் நெஞ்சை யாரோ இறுக்கிக் கட்டியது போல் ஆகிவிட்டது. மூச்சை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. சுற்றிலும் கைகளும் கால்களும். என் கையே எனக்குப் பச்சைத் தண்ணீரில் மங்கலாகத்தான் தெரிந்தது. ஒரு கையைத் தூக்கினேன். பத்து நொடிகூட இருக்காது, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதில் இருந்தது என் மகள் வயதுப் பெண். முனையைப் பிடித்துக்கொள் என்று சைகை காட்டினாள். அப்படிப் பிடித்து ஓய்வெடுக்க விதியில் இடமுண்டு, அதை வைத்து முன்னேறத்தான் கூடாது. அவள் வாயைக் குவித்து மெதுவாக ஊதிக் காட்டினாள். நானும் ஊதினேன். நாலைந்து தடவை. அவ்வளவுதான், நெஞ்சு விட்டுக்கொடுத்தது. கையை எடுத்துவிட்டு நீந்தப் போனேன்.

கடைசிப் பகுதி ஏரியில் இருந்து ஊருக்குள் போகும் கால்வாய். இரண்டு கரையிலும் மக்கள், பாலங்களின் மேல் பிள்ளைகள். 1 மணி 52 நிமிடத்தில் கரை ஏறினேன். மொத்தப் போட்டியையும் 15 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். அந்தக் கயாக் வந்திராவிட்டால் முதல் முந்நூறு மீட்டரோடு என் போட்டி முடிந்திருக்கும். அந்த ஏரியும் ஆழமானதுதான். அதில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

நம் அணைகளில் "ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது" என்று இரண்டு மொழியிலும் பலகை இருக்கிறது. சரி, அது வேண்டும்தான். ஆனால் ஏப்ரல், மே லீவில் பிள்ளைகள் பலகையைத் தாண்டிப் போகத்தான் போகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பையனின் ஹால் டிக்கெட்டை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அவன் தேர்வு முடிந்த நாள் நண்பர்களோடு அணைக்குப் போனான். நீந்தத் தெரியாது. அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், நீங்க ஒரு மாசம் சொல்லிக்குடுத்திருந்தா போதுமே" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்கு மனமிருக்கிறது, இறங்கத் தண்ணீர்தான் இல்லை.

எல்லா அணையும் இதற்கு ஆகாது என்று தெரியும். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. பரம்பிக்குளம் காட்டுக்குள் இருக்கிறது, அங்கும் முதலை உண்டு. மலம்புழாத் தண்ணீரைப் பாலக்காடு குடிக்கிறது. ஆகவே இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஷட்டர் பக்கம் வேண்டாம். சேறும் மரக்கட்டையும் இல்லாத, சரிவு மெதுவாக இறங்குகிற கரை போதும். மழை நாளிலும், தண்ணீர் திறந்துவிடுகிற நாளிலும், இடி இடிக்கும்போதும் யாரும் இறங்க மாட்டோம். சோப்பு, எண்ணெய் எதுவும் வராது. வருகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பெரியவர்களுக்குக் கயிற்று எல்லைக்குள் ஆழமான பக்கம், பிள்ளைகளுக்கு இடுப்பளவுத் தண்ணீர்.

காவலுக்கு வெளியூர் ஆட்கள் தேவையில்லை. அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் பரிசல் இருக்கிறது, மலையாளத்தில் குட்டவஞ்சி என்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அவர்களைப் போல் தெரிந்தவர் யாருமில்லை. இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரக் கூலியை நீந்த வரும் பெரியவர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம். உங்களிடம் பணம் கேட்கவில்லை.

இது கேரளத்துக்குப் புதிதும் இல்லை. ஆலுவாவில் பெரியாற்றில் பல வருடங்களாக இலவசமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் படித்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் ஆற்றையே குறுக்கே நீந்திக் கடக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். வரச் சொன்னால் நானும் கூட வருகிறேன்.

மிதவை கட்டிய கயிறு நூறு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இடுப்பில் கட்டும் மிதவைகள் பன்னிரண்டும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. பரிசல்காரர் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கோடை லீவுக்கு முன் எந்தக் கரை என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை