பேக்கப் எந்த வழியாகப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வியாபாரிகளும் கணக்கு வழக்கின் காப்பியை (பேக்கப்) கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் சர்வரில், வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் மாதம் எவ்வளவு பணம், எவ்வளவு இடம் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் காப்பி எந்த லைனில், எந்த நேரத்தில் போகும் என்று ஒரு வரிகூட இல்லை. போடியில் ஏலக்காய் வியாபாரிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எனக்கு வரும் புகார்களில் பாதி இதைப் பற்றித்தான்.

எங்கள் பக்கம் கடை போடியில் இருக்கும், தோட்டம் மலைமேல் வண்டன்மேட்டிலோ பூப்பாறையிலோ இருக்கும். ஆள் கூலி, ஸ்டோர் எடை எல்லாம் தோட்டத்து ஆபீஸில் உள்ள சின்ன சர்வரில். அதன் பேக்கப் விபிஎன்னில் (இரண்டு ஆபீஸையும் இன்டர்நெட் வழியாக இணைக்கும் தனிப்பாதை) மலையிறங்கி போடிக்கு வந்து, போடி ஃபயர்வால் (இன்டர்நெட் காவல் பெட்டி) வழியாகப் புகுந்து, அதே லைனில் மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள கிளவுட் சர்வருக்குக் கிளம்பும். எல்லாம் ஹெட் ஆபீஸ் வழியாகவே போகட்டும் என்று அமைத்தவர் ஒரே ரூட் போட்டிருப்பார், அவருக்கு அது சுலபம். ஒரே டேட்டா போடி லைனில் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும், ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக வேண்டிய சீட்டு) போடும் இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், திட்டு விழுவது இன்டர்நெட் கம்பெனிக்கு.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. தோட்டத்து ரௌட்டரிலேயே கிளவுட் சேமிப்பு முகவரிகளுக்கு மட்டும் நேர்வழி போட்டு, மற்றதை விபிஎன்னில் விடலாம். பேக்கப் எப்படியும் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான், போகிறது (ஆகவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்). பேக்கப் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, நேரத்தை ராத்திரிக்கு மாற்றினால் பகல் வேலை கெடாது. 2022-ல் திருத்திய கம்பெனி விதிப்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வருக்குப் போயாக வேண்டும் என்று ஆடிட்டர்கள் சொல்வது சரிதான், ஆனால் அதைப் பகல் 11 மணிக்கு அனுப்பச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை.

சர்வர் படுத்தால் அந்த பேக்கப் திரும்பி வரும் வழியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் லைன் முழுசாகக் கிடைத்தாலே 1 டெராபைட் இறங்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோட்டத்து லைனில் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் அதே அளவு ஏற நாலரை நாள், அதனால் முதல் முழுக் காப்பியை ஹார்ட் டிஸ்கில் எடுத்து ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்து இங்கிருந்து ஏற்றிவிடுவதே மேல். அப்புறம் மாறியது மட்டும் லைனில் போனால் போதும். பெரிய கிளவுட் கம்பெனிகள் உள்ளே ஏற்றுவதற்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை, வெளியே எடுப்பதற்குத்தான் கேட்கும். மலிவு என்று அமேசானின் டீப் ஆர்க்கைவில் (அரிதாக எடுக்கும் ஃபைல்களுக்கான கிளவுட் சேமிப்பு) போட்டுவைத்தால், கேட்ட பிறகு ஃபைல் கைக்கு வர 12 மணி நேரம், மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரம் வரைகூட ஆகலாம். சர்வர் படுத்த அன்று காலையில் இதைத் தெரிந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸிலேயே தனி டிஸ்க் பெட்டியில் இன்னொரு காப்பி இருந்தால் மதியத்துக்குள் பில் போட ஆரம்பித்துவிடலாம், கிளவுட் காப்பி தீ, திருட்டு மாதிரி சமயங்களுக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கிவிட்டோம், ஒன்று போனால் இன்னொன்றில் பேக்கப் போகும் என்கிறார்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், மழைக்காலத்தில் மெட்டுப் பாதையில் (மலையேறும் சாலை) மண் சரியும்போது இரண்டும் சேர்ந்துதான் அறும். வாங்கும் முன் கேபிள் எந்தப் பாதையில் மலை ஏறுகிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பாதை என்றால் இரண்டாவதை 4ஜி-யாக வாங்குங்கள், அந்த டவருக்கு எந்தப் பாதையில் ஃபைபர் வருகிறது என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
போடிநாயக்கனூர்