பேரிங் குண்டும் ஆதி தாளமும்

கானாடுகாத்தான்
ஞாயிறு காலை

அன்புள்ள உமையாள்,

நாங்கள் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? உன் தீபாவளிக் கடிதத்துக்குத் தை முடியும்போது பதில் எழுதுகிறேன். தப்புதான். மேல்மாடியில் ஓடு மாற்றும் வேலை இரண்டு மாதம் இழுத்தது. திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு மகள் வீட்டார் வந்திருந்தார்கள். நாட்டரசன்கோட்டை போய்வந்தோம், எல்லாம் நன்றாக நடந்தது. பேத்தி ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். கேள்வி இதுதான்: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்போது அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 9.8 என்று போட்டிருந்தார்கள். "நிக்கிற பந்துக்கு எப்படி ஆயா முடுக்கம் வரும்?" என்று கேட்டாள்.

உமையாள், 30 வருடம் நான் இதே பாடத்தை நடத்தினேன். திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்று பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, மார்க்கும் போட்டேன். ஆனால் ஒரு பிள்ளைக்கும் அதைக் கண்ணால் காட்டியதில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் பரணிலிருந்து அந்தப் பர்மாத் தேக்குப் பலகையை இறக்கச் சொன்னேன். 12 அடி நீளம், நடுவில் நீள வாக்கில் பள்ளம். பட்டாலையில் போட்டு, ஒரு முனைக்கு அடியில் மணைகளை அடுக்கி முக்கால் அடி உயர்த்தினோம். லாரிப் பட்டறையில் ஒரு பேரிங் குண்டு வாங்கிவந்தோம். பழைய சலங்கையிலிருந்து நான்கு மணிகளை உருவி, பலகைக்கு மேலே கம்பிகளை வளைத்து நட்டு, குண்டு உரசும் உயரத்தில் தொங்கவிட்டோம். கம்பிகள் எதிலிருந்து வந்தன என்று கேட்காதே. கணக்கு டீச்சரின் குடை இத்தனை வருடம் கழித்து ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது!

முதலில் 3 அடிக்கு ஒரு மணி. குண்டை விட்டால் முதல் மணிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் அடுத்தடுத்து நெருக்கிக்கொண்டு அடிக்கிறது. வேகம் கூடுகிறது என்று காதுக்கே தெரிந்துவிட்டது. எப்படிக் கூடுகிறது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் உன் தாளம் வருகிறது. பேத்தியைத் தொடையில் தட்டி ஆதி தாளம் போடச் சொன்னேன், விநாடிக்கு ஒரு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கைக்குக் கையால் தட்டும்போது குண்டை விட வேண்டும். சுண்டுவிரலுக்கு முதல் மணி, மோதிரவிரலுக்கு இரண்டாவது, நடுவிரலுக்கு மூன்றாவது, அடுத்த தட்டில் நான்காவது விழ வேண்டும். மணிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். மணையைக் கொஞ்சம் தள்ளினோம், இழுத்தோம். காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளைகூட உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி சுமாருக்கு ஜல், ஜல், ஜல், ஜல் என்று நான்கும் தாளத்தோடு ஒட்டி விழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் டேப்பை வைத்து அளந்தோம். முதல் விநாடியில் 9 அங்குலம். அடுத்ததில் 27. அடுத்து 45. கடைசியில் 63. ஒரு நூல் இரண்டு நூல் முன்னே பின்னே இருக்கும். ஒன்பதால் வகுத்துப் பார்: 1, 3, 5, 7! ஒவ்வொரு விநாடியும் முந்தினதைவிட 18 அங்குலம் கூடுதலாக ஓடுகிறது. அந்த மாறாத 18தான் முடுக்கம். குண்டை நேராகக் கீழே போட்டாலும் இதே 1, 3, 5தான், ஆனால் முதல் விநாடியிலேயே 4.9 மீட்டர் போய்விடும், எந்தக் கைத்தாளமும் எட்டிப் பிடிக்காது. அதனால்தான் கலிலியோ சாய்வுப் பலகைக்கு வந்தார். அவர் காலத்தில் விநாடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் ஏது? பாத்திரத்திலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து எடைபோட்டுத்தான் நேரத்தை அளந்தார். 1638-இல் அதைப் புத்தகமாக அச்சிட்டபோது அவருக்குக் கண் போய்விட்டது. வீட்டுக்காவல் வேறு. அவருடைய அப்பா வின்சென்சோ, லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர், சங்கீத சாஸ்திரம் எழுதியவர். இதைச் சொன்னால் நீ நாலு நாள் துள்ளுவாய் என்று தெரியும்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். மணிகளைக் கழற்றிவிட்டு, குண்டை அடியிலிருந்து மேலே உருட்டச் சொன்னேன். ஏறியது, தளர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. "நின்ன இடத்துல பலகையோட சாய்வு போயிடுச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி உருட்டினாள். மறுபடியும். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சாய்வு அப்படியேதான் இருக்கு ஆயா. அது போயிருந்தா குண்டு அங்கேயே நின்னிருக்கும்."

வளவுக்குப் போய்ப் பந்தைத் தூக்கிப் போட்டாள். புவியீர்ப்பு ஒவ்வொரு விநாடியும் வேகத்தை 9.8 மீட்டர் மாற்றுகிறது. விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஒரு விநாடியில் வேகம் பூஜ்யம், இரண்டாவது விநாடியில் அதே 9.8 கீழ்நோக்கி. நடுவில் பூஜ்யத்தைத் தொட்டதே தவிர, மாறுவதை ஒரு கணமும் நிறுத்தவில்லை. அந்த விடைத்தாளில் இந்த ஒரு வரியை யாராவது எழுதியிருந்தால் அந்தக் குழந்தை ஒரு மாதம் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் அப்படி நினைத்தார்களோ. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஊருக்குக் கிளம்பிய அன்று காரைக்குடி ஸ்டேஷனுக்கு வேனில் போனோம். வளைவில் வேகம் காட்டும் முள் 40-ஐ விட்டு நகரவில்லை, அவள் மட்டும் என் மேல் சாய்ந்தாள். "வேகம் மாறல, திசை மாறுது. இதுவும் முடுக்கம்தானே ஆயா?" நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையடி!

மாசியில் வருவதாக எழுதியிருந்தாயே, கட்டாயம் வா. தெருவில் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறேன். பலகையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தாளம் நீதான் போட வேண்டும், எனக்கு மூன்றாவது எண்ணிக்கையில் ஓடிவிடுகிறது. சலங்கை மணி இருந்தால் இன்னும் நாலு கொண்டுவா. குடையில் எட்டுக் கம்பி, நாலுதான் செலவாகியிருக்கிறது.

உன்
மீனாள்