லாபம் திரும்பு லோடில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஒற்றை லாரியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு லாபம் என்பது போகும் சரக்கில் இல்லை, ஊர் திரும்பும்போது ஏற்றிவரும் சரக்கான திரும்பு லோடில்தான் இருக்கிறது. வடமாநிலத்தில் இறக்கிவிட்டு மூன்று நாள் காத்துக் கிடந்தாலும் கடன் தவணையும் காப்பீடும் நிற்பதில்லை. காலியாகத் திரும்பினாலோ டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும் போகும்போது கிடைத்த வாடகையைத் தின்றுவிடுகின்றன. 2018-இல் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தபோது மகிழ்ந்தோம் (டயர் தேய்மானத்தை அன்று யார் நினைத்தார்கள்?), ஆனால் எனக்கு வாடகை அதற்கேற்ப ஏறவில்லை. டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் எழுத்து ஒப்பந்தம் தரகர்வழி லோடு எடுக்கும் எங்களுக்குக் கிடைப்பது அரிது. ஏற்றுமிடத் தாமதத்துக்கான ஹால்டிங் தொகையையாவது வாடகைச் சீட்டிலேயே குறிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு லாரி உரிமையாளர்,
சங்ககிரி.