தாளின் மறுபக்கத்தையும் காட்டுங்கள்

இடைக்கால வழிபாட்டுப் பாடல் நூல்களைத் தனித்தாள்களாக விற்கும் ஏல நிறுவனத்தாருக்கும் பழம்நூல் வணிகர்களுக்கும்,

வணக்கம்.

லண்டனில் நண்பர் ஒருவர் வீட்டுச் சுவரில் நீங்கள் விற்பது போன்ற தோல்தாள் ஒன்றைப் பார்த்தேன். நான்கு சிவப்புக் கோடுகள், அவற்றின்மேல் கறுப்புச் சதுரங்களாகச் சுரங்கள், ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் பொன்னுமாக ஒரு முதலெழுத்து. அதன் வளைவுக்குள் தொழுவமும் குழந்தையும். 'ஒரு குழந்தை நமக்குப் பிறந்துள்ளார்' என்று தொடங்கும் கிறிஸ்து பிறப்புப் பகல் திருப்பலியின் (கத்தோலிக்க ஆலய வழிபாட்டின்) வருகைப் பல்லவி, அதாவது தொடக்கப் பாட்டு, அது. சாய்த்துப் பார்த்தால் பொன் மேடிட்டு நிற்கிறது. கீழ்மூலையில், புரட்டிய விரல்களின் கறை.

கடைசி வரியில் பாட்டு பாதிச் சொல்லோடு நிற்கிறது. மீதி மறுபக்கத்தில். அந்தப் பக்கத்தை அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டு விற்றிருக்கிறார்கள். விற்பனைப் படத்திலும் முன்பக்கம் மட்டுமே.

பாடகர் குழு முழுவதும் ஒரே நூலைப் பார்த்துப் பாட வேண்டும் என்பதற்காகவே இத்தகைய நூல்களை இவ்வளவு பெரிதாக எழுதினார்கள். அந்தப் பெரிய முதலெழுத்தே அவற்றுக்கு எமனாயிற்று. 1798-இல் ரோமைப் பிடித்த பிரெஞ்சுப் படையினர் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்து வழிபாட்டு நூல்களைச் சூறையாடினார்கள். அவற்றிலிருந்து வெட்டிய ஓவியங்கள் 1825-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. கொள்ளைக்காரர்களையாவது புரிந்துகொள்ளலாம். அழகை நேசிக்கக் கற்றுக்கொடுத்த ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினே, 1290-இல் பிளாண்டர்ஸின் போப்ரே கன்னியர் மடத்துக்காக எழுதப்பட்ட பாடல் நூலிலிருந்து தாள்களை உருவினார் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1854 ஜனவரி 3 அன்று, மாலையில் ஒரு வழிபாட்டு நூலை வெட்டியதாகவும் அது கடினமான வேலை என்றும் தம் நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார்.

எளியவரும் ஒரு தாளையாவது வைத்திருக்கட்டும் என்பது உங்களில் சிலருடைய வாதம். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழு நூலை இனிமேலும் பிரிக்காதீர்கள். பிரித்துக் கொண்டுவருபவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சிதறியவற்றுக்கு இன்னும் வழி இருக்கிறது. பாடல் நூல் வழிபாட்டு ஆண்டின், அதாவது ஆண்டின் திருநாள்களின், வரிசையில் செல்வது. எந்தப் பாட்டு எங்கே முறிகிறது, மறுபக்கத்தில் எது தொடர்கிறது என்று தெரிந்தால், அடுத்த தாள் எப்படித் தொடங்கும் என்று சொல்லிவிடலாம். 1942-இல் பிரித்து விற்கப்பட்ட பிரான்ஸின் போவே திருப்பலி நூலின் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை இடைக்காலச் சுவடி ஆய்வாளர் லிசா ஃபேகின் டேவிஸ் தேடிக் கண்டுபிடித்து, கணினித் திரையில் மீண்டும் அடுக்கிவருகிறார். உங்கள் பட்டியல்களே இத்தகைய வேலைக்கு மூலப்பொருள்.

ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் இரு பக்கப் படங்களையும், அளவையும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரத்தையும் வெளியிடுங்கள். விற்ற பின்பும் அவற்றை நீக்காதீர்கள். தாளின் முதுகில் பசை தடவாதீர்கள்.

நண்பருடைய தாளை விற்றவருக்கு, ஒட்டுவதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பும்படி எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
பாடகர் குழுவில் பாடும் ஒருவர்