சூடு எங்கே போகிறது என்று பார், மக்களே

குலசேகரம்
நவம்பர், 2025

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தில், லீட்ஸிலிருந்து நீ அனுப்பிய எரிவாயு பில்லின் படம் கிடைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். தொகையைவிட, கூடவே நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஹீட்டரை 16-இல் வைத்துவிட்டு எல்லோரும் ஸ்வெட்டரோடு இருக்கிறீர்கள், இரவில் அதையும் அணைத்துவிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மக்களே. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அப்படிச் செய்யாதே. வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. நீ நர்ஸ். குளிர்காலத்தில் இழுப்போடு வார்டுக்கு வரும் பிள்ளைகளை என்னைவிட நீதான் அதிகம் பார்த்திருப்பாய்.

எங்களுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைப் பங்குனி வரை நிறுத்திவை. எனக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. ரப்பர் வெட்டிலும் கொஞ்சம் கிடைக்கிறது. அந்தப் பணம் உன் வீட்டுச் சூட்டுக்குப் போகட்டும். அம்மாவும் இதைத்தான் சொல்கிறாள்.

விலை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். 2021 அக்டோபரில் அங்கே சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்றிருந்த எரிவாயு, மின்சாரக் கட்டண உச்சவரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. உக்ரைன் போர் மூண்ட பிறகு, அந்த அக்டோபரில் 3,549-க்குப் போக இருந்ததை அரசாங்கம் குறுக்கே வந்து 2,500-இல் நிறுத்தியது. இந்த 2025 அக்டோபரில் 1,755. குறைந்திருக்கிறது என்றாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் எரிவாயுவில்தான் சூடாகின்றன. மின்சாரத்தின் சந்தை விலையையும் பல நேரங்களில் எரிவாயு நிலையங்களே தீர்மானிக்கின்றன. அதனால் எரிவாயு விலை ஏறினால் உனக்கு இரண்டு பில்லும் ஏறும். இன்னொன்று, அந்த 1,755 உன் பில்லுக்குப் போட்ட எல்லை அல்ல. யூனிட் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும் போட்ட எல்லை. எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் வராது என்று மருமகன் போனில் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொல்.

இங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அங்கே சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் (கிலோவாட் மணி) எரிவாயு எரிக்கும் என்று கட்டுப்பாட்டு ஆணையமான ஆஃப்ஜெம் வைத்துக்கொள்கிறது. நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம் இருக்கும். அப்படியானால் லீட்ஸில் ஒரு வீடு ஆண்டுக்கு அறுபது சிலிண்டருக்கு மேல் எரிக்கிறது! அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. கணக்கை எழுதிக் காட்டினேன். இத்தனையும் சமையலுக்குப் போவதில்லை. பெரும்பகுதி சுவரையும் கூரையையும் கடந்து தெருவுக்குப் போகிறது.

பிரசவத்துக்கு வந்திருந்தபோது அந்த வீட்டை நான் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். கோதையாறு மின்நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு எங்கே என்ன வீணாகிறது என்று பார்க்கும் பழக்கம் போகாது. உங்களுடையது விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் கட்டு, நடுவில் இடைவெளி இல்லாத சுவர். பிற்காலத்து வீடுகளில் இரண்டு அடுக்குச் சுவருக்கு இடையே வெற்றிடம் இருக்கும், அதில் பஞ்சை ஊதி நிரப்பிவிடலாம். உங்கள் சுவரில் அதற்கு வழியில்லை. ஆனால் மச்சில் ஏறிப் பார்த்தேனே, அங்கே விரித்திருந்த கண்ணாடிப் பஞ்சு ஒரு சாண்கூட இல்லை. 270 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்பது அந்த நாட்டுப் பரிந்துரை. முதல் செலவை அங்கே செய். பிறகு முன்வாசல் கதவின் அடி, கடிதம் போடும் துளை, முன்னறைப் பலகைத் தரையின் இடுக்குகள். இவையெல்லாம் ஒரு சனிக்கிழமையில் அடைத்துவிடக்கூடியவை. பயன்படுத்தாத அந்தக் கணப்படுப்பின் புகைபோக்கி வழியாகவும் சூடு ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை அடைப்பதற்கென்றே ஊதும் பை விற்கிறார்கள். சமையலறை, குளியலறைக் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதே. உள்ளே துணி காயப்போடும் வீட்டில் ஈரம் வெளியேற வழி இல்லையென்றால் குழந்தையின் கட்டிலுக்குப் பின்னால் கரும்பூசணம் பிடிக்கும். பாய்லருக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பார்.

பேச்சிப்பாறைச் சானலில் நடுவழியில் கரை உடைந்து கிடக்கும்போது அணையில் ஷட்டரை எவ்வளவு தூக்கினாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. முதலில் கரையைக் கட்டு, பிறகு ஷட்டரைப் பற்றிப் பேசலாம்.

பாய்லரில் ஒரு காசும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு பெரும்பாலும் 70, 80 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். அதை 60-க்கோ அதற்கும் சற்றுக் கீழேயோ இறக்கு. திரும்பி வரும் தண்ணீர் போதிய அளவு ஆறியிருந்தால்தான் உங்களுடையதைப் போன்ற கண்டென்சிங் வகைப் பாய்லர் தன் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் மீட்டெடுக்கும். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே. உங்களுடையது தொட்டி இல்லாத கோம்பி பாய்லர் என்பதால் தைரியமாக இறக்கலாம். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் கிருமி வளராதிருக்கத் தொட்டியை 60-இலாவது வைக்க வேண்டும். உன் தோழிகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்.

வெப்ப பம்பு பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல இயந்திரம். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். இங்கிலாந்தில் அதற்கு 7,500 பவுண்டு அரசு மானியமும் இருக்கிறது. ஆனால் இந்த 2025 அக்டோபர் நிலவரப்படி மின்சாரம் யூனிட்டுக்கு 26 பென்ஸுக்கு மேல், எரிவாயு 6 பென்ஸ் சொச்சம். நான்கு மடங்கு வித்தியாசம். பம்பு மூன்று மடங்கு மட்டும் தந்தால் பில் கூடத்தான் செய்யும். நான்கு மடங்கை நெருங்கினால் கணக்கு சமமாகும். அதற்குத் தண்ணீர் 40, 45 டிகிரியில் ஓடினாலே அறை சூடாக வேண்டும். அதற்கு வீடு சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும், ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். ஆக, பம்பு இரண்டாவது வேலை. அதற்கென்று மலிவான தனிக் கட்டணம் தரும் நிறுவனங்கள் உண்டு, அதையும் விசாரித்து வை. எரிவாயுவை முழுவதும் துண்டித்துவிட்டால் அதன் நிலைக்கட்டணமும் மிச்சம். என்றைக்காவது நீ அதற்கு மாறத்தான் வேண்டும் என்பது என் விருப்பம். எங்கோ நடக்கும் போருக்கு உன் பிள்ளையின் அறை குளிர்ந்து கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. முப்பந்தலில் ஆடிக்காற்றில் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நீ. காற்றுக்கு யாரும் விலை ஏற்ற முடியாது.

விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேள்: அறை அறையாக வெப்ப இழப்பை அளந்து கணக்குத் தருவீர்களா? பார்வையிலேயே சொல்லிவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடு.

வெளிச்சுவரில் காப்புப் பலகை ஒட்டுவதற்கு மட்டும் அவசரப்படாதே. அரசுத் திட்டங்களில் செய்த அந்த வேலைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் திருத்த வேண்டிய குறைகள் இருந்ததாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் சென்ற மாதம் சொல்லியிருக்கிறது. பழைய செங்கல் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். அதைத் தவறாக மூடினால் சுவர் உள்ளுக்குள் நனைந்து கெடும்.

இங்கே நானும் கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு போடலாம் என்றிருக்கிறேன். மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அம்மா இன்னும் சிரட்டையும் கொதும்பும் போட்டுத்தான் குளிக்க வெந்நீர் வைக்கிறாள். விறகு சும்மா கிடைக்கும்போது எதற்குச் செலவு என்கிறாள். அந்தப் புகையில் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீயும் போனில் அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எரிவாயு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு. அதற்கடுத்த ஞாயிறும் அதே நேரத்தில் எடு. மீட்டர் கன மீட்டரில் ஓடும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 யூனிட். இடைப்பட்ட நாட்களில் வீட்டை 18-க்குக் குறையாமல் வைத்திரு. மச்சு வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுது. முழுத் தொகையையும் நான் அனுப்புகிறேன். மறுத்துப் பேசாதே.

அன்புடன்,
அப்பா